திரையின் நிறமும் பொதுவளவும்

அங்காடிக்கு அரிசி கொள்ளச் செல்வான் ஒருவன், விற்பவன் கையிலுள்ள படி எத்துணைக் கொள்ளும் என்பதனை அறியாது பொருள் கொடான். படியின்மேல் அரசாங்க முத்திரை உளதோ என்று நோக்குவான். ஐயம் உண்டாயின் வேறு கடை நாடுவான். நீளத்திற்கு முழக்கோலும், நிறைக்குத் துலாக்கோலும், காலத்திற்குக் கடிகாரமும் வேண்டுமென்பதனை மறுப்பார் எவருமிலர். நிறம் ஒன்றற்கு மட்டும் அளவுகோல் வேண்டுவதின்று, கண்ணே போதும் என்னும் எண்ணம் கற்றோரிடத்தும் ஊன்றி நிற்கின்றது. இன்று நாம் காணும் படங்களுட் பெரும்பகுதி கணினித்திரையின் வாயிலாகவே நம் கண்ணை எய்துகின்றன. அத்திரை அளந்து செம்மை செய்யப்பட்டதோ என்று வினவுவார் அரியர். கண்ணே போதும் என்பது பிழை. லினக்ஸ் முதலிய திறமூல இயங்குதளங்களைக் கையாள்வோர்க்கு இப்பிழையைத் திருத்திக்கொள்ளும் கருவிகள் கைக்கெட்டும் இடத்தே உள்ளன. ஆயினும் அவை மிகச் சிலர்தம் தோள்மேல் நிற்பனவாதலின், ஒருமுறை நம் கையினின்று நழுவவும் பார்த்தன. இவற்றையே ஈண்டுக் கூறப் புகுந்தேன்.

முதற்கண் என் பிழையொன்றனைக் கூறிவிடுதல் முறை. சில ஆண்டுகட்கு முன் ஓர் ஆண்டுமலருக்கென நாற்பது நிழற்படங்களைச் செப்பஞ்செய்து அச்சகத்துக்கு அனுப்பும் பணி என்பால் வந்தது. பகலில் ஓய்வின்மையின், இரவு உணவுக்குப் பின்னர் மடிக்கணினியை விரித்துவைத்து அப்பணியைச் செய்தேன். அறையில் வெண்குழல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் ஒளியோடு ஒப்பிடத் திரையிலுள்ள படங்கள் யாவும் மஞ்சள் தோய்ந்தனபோல் தோன்றின. வெள்ளை வேட்டி வெள்ளையாய்த் தெரியுமளவும் ஒவ்வொன்றையும் நீலத்தின்பால் நகர்த்தினேன். நகர்த்தியபின் என் கைத்திறனை யானே வியந்தும் கொண்டேன். மலர் அச்சாகி வந்தபோது, பரிசு பெற்ற மாணவர் முகங்களெல்லாம் குளிரில் விறைத்தார் முகம்போல் நீலம் பாரித்துக் கிடந்தன. கட்டடத்தின் வெண்சுவர், சலவைநீலத்தில் முக்கியெடுத்த துணியை ஒத்திருந்தது. யான் அச்சகத்தாரிடம் சென்று பூசலிட்டேன். அவர் மறுமொழி கூறாது என் கோப்பினைத் தம் திரையில் திறந்து காட்டினார். அங்கும் நீலமே. ஒரு திங்கள் கழித்தே உண்மை புலனாயிற்று. கண்ணுக்கு இதமாயிருத்தல் வேண்டிக் கதிரவன் மறைந்தபின் திரையைச் செம்மஞ்சளாக்கும் ‘இரவொளி’ என்னும் வசதி என் கணினியில் இயங்கிக்கொண்டிருந்தது. அதனை இயக்கிவைத்தவனும் யானே, மறந்தவனும் யானே. மன்னிப்பு வேண்டச் சென்றபோது அவ்வச்சகத்தார் சிரித்து, இவ்வாறு பூசலிட வருவோர் ஆண்டுதோறும் ஐவரேனும் உளர் என்றார்.

இந்நிகழ்ச்சியில் என்னை ஏமாற்றியது திரை மட்டுமன்று, கண்ணுமாம். கண் நிறத்தை அளப்பதில்லை, அருகிலுள்ளதனோடு ஒப்பிடுகின்றது. நண்பகல் வெயிலிலும், மாலையில் எரியும் மஞ்சள் விளக்கின் அடியிலும் ஒரு வெள்ளைத்தாள் நமக்கு வெள்ளையாகவே தோன்றும். அத்தாளினின்று எழுந்து கண்ணிற் புகும் ஒளியோ ஈரிடத்தும் பெரிதும் வேறுபட்டது. சூழலுக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் இவ்வியல்பு வாழ்க்கைக்கு மிகவும் நன்று. பழம் பழுத்ததோ என்பதனைக் காலையிலும் மாலையிலும் ஒருபடித்தாக அறிவதற்கு இதுவே துணை. ஆயின் ஒரு திரை செவ்வனே உள்ளதோ என்று ஆராய இவ்வியல்பே பெருந்தடை. அரைமணிநேரம் ஒரு கோணலான திரைமுன் இருந்தால் கண் அக்கோணலையே நேரெனக் கொள்ளும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டா என்பர். திரையின் புண்ணுக்குக் கருவி வேண்டும்.

நிறத்தை எண்ணால் அளக்கும் முறை புதியதன்று. 1920-களின் இறுதியில் இங்கிலாந்து நாட்டில் ரைட் என்பாரும் கில்டு என்பாரும் தனித்தனியே ஓர் ஆராய்ச்சி செய்தனர். முன்னவர் 10 பேரையும் பின்னவர் 7 பேரையும் அமர்த்தி, ஒரு சிறிய காட்சிப்புலத்தின் ஒருபாதியில் தனியொளி ஒன்றனைக் காட்டி, மற்றைப் பாதியிற் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கூட்டியும் குறைத்தும் அதற்கு ஒப்பாக்குமாறு செய்தனர். வெவ்வேறு கருவிகளைக்கொண்டு வெவ்வேறு இடத்தில் செய்த இவ்விரண்டு சோதனைகளின் முடிவும் வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தன. அவற்றைக்கொண்டே 1931-ஆம் ஆண்டில் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் ‘பொதுக் காண்போன்’ ஒருவனை எண்களால் வகுத்தது. அன்று முதல் எந்த நிறத்தையும் மூன்று எண்களாற் குறித்தல் கூடும் என்றாயிற்று. 17 பேருடைய கண்களின் சராசரி உலகத்தார் அனைவர்க்கும் எங்ஙனம் பொருந்தும் என்று வினவலாம். முற்றும் பொருந்தாது, பின்வந்த ஆராய்ச்சியாளர் பல திருத்தங்கள் கூறியுள்ளனர். எனினும் இன்றுகாறும் திரை, அச்சு, சாயம், வண்ணப்பூச்சு ஆகிய தொழில்கள் யாவும் இவ்வளவையையே அடிப்படையாகக் கொண்டு நடைபெறுகின்றன. முழுவதும் செம்மையான அளவு கிட்டுமளவும் அளவே வேண்டாவென்று இருந்திருப்பின், முழக்கோலும் நமக்குக் கிட்டியிராது.

இனிக் கணினியின்கண் நிகழ்வது யாதெனக் காண்போம். ஒரு படக்கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் எழுதப்பட்டிருக்கும். சிவப்பு 200, பச்சை 30, நீலம் 30 என்று ஓரிடத்தில் எழுதியிருப்பதாகக் கொள்வோம். இது நிறமன்று, நிறம் ஆக்குவதற்கான கட்டளை. சமையற்குறிப்பில் ‘உப்பு இரண்டு கரண்டி’ என்று எழுதி, கரண்டியின் அளவைக் கூறாது விடுவதனை ஒக்கும். ஒவ்வொரு திரையும் தன்தன் கரண்டியால் அள்ளிப் போடும். பழைய மடிக்கணினியில் அச்சிவப்பு செங்கற்பொடிபோல் வெளிறும்; விரிந்த நிறவெல்லையுடைய புதிய திரையிற் குருதிபோற் கொழுந்துவிடும். இக்குறையை நீக்கவே 1993-ஆம் ஆண்டில் கணினி, நிழற்படத் தொழில்களைச் சார்ந்த எட்டு நிறுவனங்கள் கூடி ஐ.சி.சி. என்னும் பன்னாட்டு நிறக்கூட்டமைப்பினை நிறுவின. ஒவ்வொரு கருவியும் நிறத்தை எவ்வாறு வெளியிடுகின்றது என்பதனை ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்தல் வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அக்கோப்பினை ‘புரொபைல்’ என வழங்குப. 1996-இல் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தாரும் மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரும் எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் பொதுநிறவெளியை முன்மொழிந்தனர். 1999-இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று. வேறு குறிப்பு இல்லாத படத்தை அவ்வெளியைச் சார்ந்ததாகக் கொள்ளுதல் இன்று பொதுவழக்கு.

இங்கே மாணவர் பெரும்பாலும் மயங்கும் இடம் ஒன்றுண்டு. திரையை அளவு திருத்துதல் வேறு. திரையைப் பற்றிய புரொபைல் எழுதுதல் வேறு. முன்னது திரையையே மாற்றுவது. அதன் வெளிச்சத்தைக் குறைத்து, வெண்மையைப் பகலொளியின் 6500 கெல்வின் நிலைக்குக் கொணர்ந்து, கருமையினின்று வெண்மைவரை சாம்பல்நிறம் ஒழுங்காய் ஏறுமாறு வரைகலை அட்டையிலுள்ள மூன்று அட்டவணைகளைத் திருத்துவது. பின்னது திரையை மாற்றாது, ‘இத்திரையின் சிவப்பு இத்தன்மைத்து, பச்சை இத்தன்மைத்து’ என்று உள்ளபடி குறித்துவைப்பது. அக்குறிப்பினைப் படித்து எண்களை மாற்றித் தருதல் படச்செயலிகளின் கடன். கடிகாரம் ஐந்து நிமிடம் பிந்தியோடுமாயின் முள்ளைத் திருப்பி வைப்பது முதலாவது செயல்; ‘இக்கடிகாரம் ஐந்து நிமிடம் பிந்தும்’ என்று சீட்டெழுதி ஒட்டுவது இரண்டாவது செயல். திரைக்கு இரண்டும் வேண்டும். பிறர் ஒருவர் தம் திரைக்கென எழுதிய புரொபைலைத் தாம் பெற்றுத் தம் திரைக்கு இடுவார் பலர் உளர். அது அடுத்த வீட்டுக் கடிகாரத்தின் சீட்டைக் கிழித்துவந்து நம் கடிகாரத்தில் ஒட்டுவதாம்.

திறமூல உலகில் இவ்வேலைகளைச் செய்யும் மென்பொருள்கள் எங்ஙனம் தோன்றின என்பது அறியத்தக்கது. மார்ட்டி மரியா என்பார் 1998-இல் தொடங்கிய ‘லிட்டில் சி.எம்.எஸ்.’ என்னும் சிறு நிரற்றொகுதியே ஒரு நிறவெளியினின்று மற்றொன்றற்கு எண்களை மாற்றும் பணியை இன்றும் ஆற்றுகின்றது. கிம்ப், கிரிட்டா, ஸ்கிரைபஸ் முதலிய செயலிகள் அதனையே துணைக்கொள்வன. அளக்கும் பணிக்குக் கிரீம் கில் என்னும் ஆஸ்திரேலியர் ‘ஆர்கில்’ என்னும் தொகுதியை ஆக்கினார். நிறமானி செய்யும் நிறுவனங்கள் விண்டோஸுக்கும் மேக்கிற்குமே பெரும்பாலும் மென்பொருள் அளித்தமையின், அவர் பல கருவிகட்கும் தாமே இயக்கிகளை எழுதினார். இஃது எளிய செயலன்று. விலைகொடுத்து வாங்கிய கருவி தன்னோடு வந்த மென்பொருளுக்கு மட்டுமே வாய்திறக்கும் என்றிருந்த நிலையை மாற்றியது அவ்வொருவர் உழைப்பே.

அத்தொகுதியைக் கையாளும் முறை ஒருமுறை கண்டார்க்கு மறவாது. திரையை அரைமணிநேரம் எரியவிட்டுச் சூடேறியபின், எலுமிச்சம்பழ அளவினதாகிய நிறமானியைத் திரையின் நடுவிற் படியத் தொங்கவிடுவர். அறைவிளக்கை அணைப்பர். ‘டிஸ்ப்கால்’ என்னும் நிரல் அக்கருவியின்கீழ்ச் சாம்பற் கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். கருவி ஒவ்வொன்றையும் அளந்து கூறும். நிரல் பிழையைக் கணக்கிட்டு அட்டவணையைத் திருத்தி மீண்டும் காட்டும். இங்ஙனம் பலமுறை நிகழும். பின்னர் ‘டார்ஜென்’ சோதனை நிறங்களை வகுக்க, ‘டிஸ்ப்ரீட்’ அவற்றைக் காட்டி அளக்க, ‘கால்ப்ராஃப்’ புரொபைலை எழுதி முடிக்கும். கட்டங்களின் தொகைக்கேற்பக் கால்மணிநேரம் முதல் ஒருமணிநேரம் வரை செல்லும். இருட்டறையில் நிறங்கள் தாமே மாறிமாறித் தோன்ற, ஒருவரும் பேசாது அமர்ந்திருக்கும் அக்காட்சி சிறுவர்க்கு மிக உவப்பானது. ஆயின் ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். நிறமானியின் உள்ளிருக்கும் வண்ணச்சில்லுகள் 1931-இன் பொதுக் காண்போனோடு முற்றும் ஒத்தவையல்ல. ஆதலின் திரையின் பின்னொளி வெள்ளை எல்.இ.டி. வகையதோ, பழைய குழல்விளக்கு வகையதோ, அன்றித் தானே ஒளிரும் ஓ.எல்.இ.டி. வகையதோ என்பதனை முன்னரே தெரிவித்தல் வேண்டும். இதனைத் தவறாகக் கூறினால் அளந்தும் பயனின்று. கள்ளப்படிக்கு முத்திரையிட்ட கதையாகும்.

இங்ஙனம் ஆணைகளை ஒவ்வொன்றாக எழுதி இயக்கல் எல்லார்க்கும் எளிதன்று என்றுணர்ந்த ஃப்ளோரியன் ஹோக் என்பார், பொத்தான்களை அழுத்தியே அனைத்தையும் முடிக்குமாறு ‘டிஸ்ப்ளேகால்’ என்னும் முகப்பினை ஆக்கினார். ரிச்சர்டு ஹியூஸ் என்பார் ‘கலர்டி’ என்னும் பணியாளை எழுதினார். 2011-இல் வெளிவந்த க்னோம் 3.2 அதனைத் தன்னகத்தே ஏற்று, நிறத்திற்கென ஒரு பகுதியை அமைப்புகளுள் வைத்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் ‘கலர்ஹக்’ என்னும் நிறமானி ஒன்றனையும் அறிவித்தார். அதன் மின்சுற்று வரைபடமும் உள்நிரலும் எவரும் படித்துத் திருத்தக் கிடைப்பன. மென்பொருள் மட்டுமன்றி அளவுகோலும் பொதுவுடைமையாயிருத்தல் வேண்டும் என்னும் இவ்வெண்ணத்தினை யான் பெரிதும் போற்றுகின்றேன். படியை முத்திரையிடுவோன் அப்படி செய்யும் முறையையும் ஊரார்க்குக் காட்டினான் என்க.

இவ்வாறு எல்லாம் நன்கு அமைந்திருந்த காலத்திலேதான் அடித்தளம் பெயர்க்கப்பட்டது. லினக்ஸ் திரைகளை 1987 முதல் ஆண்டுவந்தது எக்ஸ் என்னும் சாளர ஒழுங்கின் 11-ஆம் பதிப்பு. அதன்கண் எந்தச் செயலியும் பிற செயலிகளின் விசைகளை ஒற்றுக்கேட்கலாம். எந்தச் செயலியும் வரைகலை அட்டையின் அட்டவணையைத் தன் விருப்பப்படி மாற்றி எழுதலாம். முற்பகுதி பெருங்கேடு. பிற்பகுதி அளவு திருத்துவோர்க்கு வாய்ப்பு. அதுவே கேடும் ஆயிற்று. திரையைச் செம்மஞ்சளாக்கும் ‘ரெட்ஷிஃப்டு’ போன்ற செயலி, அளந்து எழுதிவைத்த அட்டவணையின்மேல் தன் அட்டவணையை எழுதிப் போயிற்று. என்னைப் போன்றார் இரண்டையும் நிறுவிவிட்டுத் திரை மாலைதோறும் ஏன் கெடுகின்றது என்று திகைத்தனர். இவ்வொழுங்கின்மையை நீக்க 2008-இல் ‘வேலண்டு’ தொடங்கப்பட்டது. அதன்கண் திரையை ஒருங்கமைக்கும் தலைமைச் செயலியே அட்டவணையைத் தொடும். ஏனையவற்றுக்கு அவ்வுரிமை இல்லை. கதவைப் பூட்டியது நன்று. திறவுகோலை எவரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்யாமலே பூட்டியது நன்றன்று.

ஆண்டுகளை நிரல்பட நோக்கின் இது விளங்கும். 2016-இல் ஃபெடோரா 25 வேலண்டினைத் தன் இயல்பான அமைப்பாகக் கொண்டது. செயலியொன்று தன் நிறங்கள் எவ்வெளியைச் சார்ந்தன என்று தலைமைச் செயலிக்கு அறிவிப்பதற்குரிய நிறமேலாண்மை நெறிமுறை வேலண்டுக்கு வகுக்கப்பெற்றது 2025 பிப்ரவரியில். ஐந்தாண்டுகள் அளவும் அது விவாதத்தில் இருந்தது. இடைப்பட்ட காலத்தில், 2024 பிப்ரவரியில் வெளிவந்த கே.டி.இ. பிளாஸ்மா 6 ஒவ்வொரு திரைக்கும் புரொபைல் இட வழிசெய்தது. 2025 மார்ச்சில் க்னோம் 48 மிகையொளி வீச்சுடைய படங்களைக் காட்டத் தொடங்கியது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 க்னோமின் பழைய எக்ஸ் அமர்வினையே நீக்கிவிட்டது. ஆக, புதிய வீடு குடிபுகுதற்கு ஏற்றது என்று கூறியதற்கும், அவ்வீட்டில் நிறத்திற்கு ஓர் அறை கட்டப்பட்டதற்கும் இடையே எட்டாண்டுகளுக்கு மேல் கழிந்தன. அக்காலமெல்லாம் நிழற்படக்கலையையும் ஓவியத்தையும் தொழிலாகக் கொண்டோர், திரையை அளத்தற்குப் பழைய எக்ஸ் அமர்வினுள் மீண்டு செல்ல நேர்ந்தது. சிலர் விலைகொடுத்து வாங்கும் இயங்குதளங்களுக்கே போய்விட்டனர்.

இதற்கு விடையாக அந்நெறிமுறையை வகுத்தோர் கூறுவதும் கேட்கத்தக்கதே. பழைய முறையில் ஒவ்வொரு செயலியும் தானே நிறத்தை மாற்றித் தரல்வேண்டும். சாளரம் ஒரு திரையினின்று அடுத்த திரைக்கு நகர்ந்தால் கணக்குத் தவறும். நிறம் அறியாத செயலிகளோ எந்நாளும் தவறாகவே காட்டும். புதிய முறையில் செயலி தன் நிறம் இன்னதென்று அறிவித்தாற் போதும். மாற்றும் வேலை தலைமைச் செயலியுடையது. பொதுநிறமேயுடைய எளிய செயலியும் விரிந்த நிறவெல்லையுடைய திரையில் அடங்கிய நிறத்தோடு தோன்றக்கூடும். இது முன்னையதனினும் மிகச் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. செவ்வனே செய்யவேண்டிக் காலம் கொண்டனர். அவ்வேலை செய்வோரும் மிகச் சிலர். அவர்மேல் எனக்குக் குறையில்லை. என் குறையெல்லாம் வரிசையின்மேல். நிறம் என்பது ஓவியர்க்கு மட்டும் வேண்டப்படும் அணிகலன், அதனைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்னும் எண்ணமே தலைகீழானது. திரை என்பது நிறம் காட்டுவதற்கென்றே உள்ள பொருள். எழுத்தை ஒழுங்காய்க் காட்டாத திரையை எவரும் முடிந்ததென்று கூறார். நிறத்தை மட்டும் ஏன் விலக்கினர்?

டிஸ்ப்ளேகாலின் வரலாறு மற்றொரு சான்று. அது பைத்தான் மொழியின் 2-ஆம் பதிப்பில் எழுதப்பட்டது. 2020 ஜனவரி முதல் நாளோடு அப்பதிப்புக்கு ஆதரவு நின்றது. அதனையொட்டிப் பல லினக்ஸ் தொகுப்புகள் டிஸ்ப்ளேகாலை நீக்கின. நேற்றுவரை ஓராணையால் நிறுவக்கூடியதாயிருந்த கருவி, இன்று தேடினாலும் கிடையாததாயிற்று. வேறு சில தன்னார்வலர் முன்வந்து பைத்தான் 3-க்கு அதனை மாற்றியமைத்ததாற் பிழைத்தது. இதனைப் பயன்படுத்தினோர் உலகெங்கும் பலர். எழுதினவர் ஏறக்குறைய ஒருவர். இலவசமாகக் கிடைப்பது தானே விளைவது என்று எண்ணியிருந்தோம். ஊர்க்கிணற்றில் நீர் இறைப்பார் பலராகவும், தூர் எடுப்பான் ஒருவனாகவும் இருப்பின், அவன் நோயுற்ற ஆண்டில் ஊர் முழுதும் விக்கும்.

இனி, இவ்வளவும் வேண்டுமோ என்பார் கூற்றினை ஆராய்வோம். ஒருசாரார், ‘நம் படத்தைக் காண்போர் திரைகள் அளக்கப்படாதவை; நாம் மட்டும் அளந்து பயன் யாது?’ என்பர். அறிவுடையார் கூற்றுப்போல் தோன்றினும் இது பொருந்தாது. காண்போர் திரைகள் ஒன்று நீலமாகவும், ஒன்று மஞ்சளாகவும், ஒன்று மங்கியும் பல திசையிற் பிழைப்பன. நம் படம் நடுவில் நிற்குமாயின் எவர்க்கும் பெரும்பிழை நேராது. நாமும் ஒருதிசையிற் பிழைத்து அனுப்பினால், அத்திசையிற் பிழைக்கும் திரையுடையார்க்குப் பிழை இரட்டிக்கும். பூசலிட்ட என் ஆண்டுமலர் நினைவிருக்கட்டும். மற்றொருசாரார், ‘தொழிற்சாலையிலேயே அளந்து விற்கின்றனரே’ என்பர். சில திரைகள் அங்ஙனம் வருவது உண்மை. ஆயின் பின்னொளி ஆண்டுதோறும் மங்கி நிறம் மாறும். பிறந்தநாள் சான்றிதழ் உடல்நலச் சான்றிதழ் ஆகாது. திரை தன்னைப்பற்றித் தானே கணினிக்கு அறிவிக்கும் குறிப்பும் ஒன்றுண்டு. கலர்டி அதனைக்கொண்டு தானே ஒரு புரொபைல் எழுதும். ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆயினும் அது பெரும்பாலும் அவ்வகைத் திரைகளின் பொதுக்குறிப்பேயன்றி, நம் மேசைமேல் உள்ள அவ்வொரு திரையின் குறிப்பன்று.

மறுபக்கத்திலும் ஒரு மிகை உண்டு. அதனையும் கூறாது விடுதல் நேர்மையன்று. கருவி கையில் வந்தபின் சிலர் படம் எடுப்பதை மறந்து அளப்பதையே தொழிலாக்கிக்கொள்வர். கண்ணுக்குப் புலனாகும் மிகச்சிறு நிறவேறுபாட்டினை ஏறத்தாழ ஓரலகாகக் கொண்டு பிழையைக் கணக்கிடுவது வழக்கம். அப்பிழை ஒன்றா, ஒன்றரையா என்று நள்ளிரவுவரை வாதாடுவர். அறையின் சுவர் பச்சை வண்ணம் பூசப்பெற்றிருப்பதும், சாளரத்து வெயில் திரைமேல் விழுவதும் அவர்க்குத் தோன்றா. பழைய மடிக்கணினிகளின் மலிவான திரையில் தலையை நான்கு விரற்கடை உயர்த்தினாலே நிறம் மாறும். அங்கு அரையலகுப் பிழையைத் துரத்துதல் வீண். இத்தகைய திரைக்கு நல்ல மருத்துவம், அதன்மேல் நிறத்தை முடிவு செய்யாதிருத்தலே.

கருவி இல்லாதார் இன்றே செய்யத்தக்கனவும் உள்ளன. படம் திருத்தும்போது இரவொளியை அணைத்துவிடல் வேண்டும். இதனை யான் விலைகொடுத்துக் கற்றேன். திரையின் வெளிச்சத்தைக் குறைத்தல் வேண்டும். எஸ்.ஆர்.ஜி.பி. தரம் கொள்ளும் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 கேண்டலா. சாதாரண அறையில் 120 அளவில் வைப்பார் பலர். கடையினின்று வந்தபடியே விட்ட திரை அதனினும் இருமடங்குக்கு மேல் எரிவது உண்டு. அதன்மேற் கண்டு அழகெனத் தேர்ந்த படம் தாளில் இருண்டு போவது இதனாலேயே. அச்சகத்தார்மேல் வரும் பழிகளுட் பெரும்பாலானவை இவ்வகையின. திரையின் பட்டியலில் எஸ்.ஆர்.ஜி.பி. என்றொரு நிலை இருப்பின் அதனைத் தேர்க. ‘ஒளிர்வு’, ‘திரைப்படம்’, ‘விளையாட்டு’ என்னும் நிலைகள் கடையில் வாங்குவோனை மயக்குதற்கென்றே அமைந்தவை. படத்தை அனுப்பும்போது அதன் நிறவெளிக் குறிப்பினைக் கோப்பிலேயே பதித்து அனுப்புக. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2009 முதலே அத்தகைய குறிப்பினைப் படித்து நடக்கின்றது.

ஆயினும் இவை யாவும் ஊகத்தாற் செய்யப்படும் திருத்தங்கள். நிறமானி ஒன்றன் விலை ஒரு கைப்பேசியின் விலையை ஒத்தது. தனிமாணவன் ஒருவனுக்கு அது மிகை. ஆனால் ஒரு திரைக்கு இரண்டு மூன்று திங்களுக்கு ஒருமுறை ஒருமணிநேரம் அளந்தாற் போதுமானதாகலின், ஒரே கருவி நூறு திரைகளுக்கு உதவும். ஒவ்வொருவரும் தனித்தனி வாங்கத்தக்க பொருளன்று இது. பொதுவில் வைத்துப் புழங்கத்தக்க பொருள். ஆதலின் யான் வேண்டுவது இது: அகராதிகளையும் நிலப்படங்களையும் வைத்திருக்கும் கல்லூரி நூலகம் ஒரு நிறமானியையும் வாங்கி வைத்தல் வேண்டும். நூலைப்போல் இரண்டுநாள் இரவல் தரலாம். ஆர்கில் தொகுதியும் டிஸ்ப்ளேகாலும் நிறுவிய நினைவுக்கோல் ஒன்று அதனோடு செல்லட்டும். அளந்தோர் தம் திரையின் வகை, அளந்த நாள், கண்ட வெளிச்சம், வெண்மை ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுக. மூன்றாண்டில் அப்பதிவேடு நம்மிடையே உள்ள திரைகள் எவ்வளவு பிழைக்கின்றன, எவ்வளவு விரைவில் மங்குகின்றன என்பதற்கு நேரான சான்றாகும். பௌதிக மாணவர்க்கு அது செய்முறைப் பாடம். வேலண்டின்கீழ் ஏதேனும் தவறக் கண்டவழி, அதனை அளவோடு எழுதி அம்மென்பொருளை ஆக்குவோர்க்கு அனுப்புவதற்கும் அப்பதிவேடே ஆதாரம். ‘நிறம் சரியில்லை’ என்று எழுதும் முறையீட்டினைக்கொண்டு அவர் ஒன்றும் செய்ய இயலாது. ‘வெண்மை 7400 கெல்வின் காட்டுகின்றது, 6500 இருத்தல் வேண்டும்’ என்று எழுதினால் அன்றே தேடத் தொடங்குவர்.

அடுத்த மலருக்குரிய படங்கள் தை மாதத்தில் வந்து குவியும். அதற்குமுன் கருவி வந்துசேருமாயின், இரவற் பதிவேட்டின் முதல் வரியில் என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு நூலகத்தாரிடம் முன்னரே கூறிவைத்திருக்கின்றேன். இரண்டாம் வரியில் அவ்வச்சகத்தார் தம் பெயரை எழுதச் சொல்லியிருக்கின்றார்.